துணிச் சிறகும் திசை விரதமும்

கடைக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. 2011ஆம் ஆண்டு வரமகாலட்சுமி நோன்பு வியாபாரம் முடிந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சலவைக்குப் போட வேண்டிய என் மகனின் சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீது வந்தது. மைக்ரோலைட் விமானப் பயிற்சிக்கு முன்பணம் கட்டிய ரசீது. பையன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் சம்பாதித்த பணம்தான். இருந்தாலும் பெற்றவனுக்கு வயிறு கலங்காமல் இருக்குமா? "என்னடா இது, பறக்கிற வண்டியா? துணியில செஞ்ச இறக்கைன்னு எழுதியிருக்கே!" என்றேன். "ஆமாப்பா, துணிதான். நீங்க வந்து பாருங்க, உங்களுக்குத்தான் துணியைப் பத்தித் தெரியுமே" என்றான்.

அடுத்த ஞாயிறு விடியற்காலை பார்க்கத்தான் போனேன். உண்மையைச் சொன்னால், பார்க்க அல்ல, பணத்தைத் திருப்பி வாங்கப் போனேன். வாங்கவில்லை. அதற்கான காரணத்தையும், அந்த இடத்தில் நான் கற்றதையும் நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. பிள்ளைகளை இத்தகைய பயிற்சிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு இது பயன்படலாம்.

பெங்களூருக்கு வடக்கே பெல்லாரி சாலையை ஒட்டி ஜக்கூர் விமானத் தளம் இருக்கிறது. நாடு விடுதலை அடைந்த சிறிது காலத்திலேயே மைசூர் அரசு அங்கே ஒரு பறத்தல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. நான் போன அந்த ஆண்டுகளில் அரசுப் பள்ளி மட்டுமல்லாமல் மைக்ரோலைட் பறக்கும் சிறு குழுக்களும் அங்கே இருந்தன. என் மகன் சேர்ந்தது அப்படி ஒரு சிறு பள்ளி. தகரக் கொட்டகை ஒன்று, வண்டிகள் இரண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் ஏழெட்டு, சுவரில் ஒரு கரும்பலகை. ஆடம்பரம் ஏதும் இல்லை. எங்கள் கடையின் பின்கட்டுக் கிடங்கு இதைவிடப் பெரிது.

மைக்ரோலைட் என்பது மிகவும் எடை குறைந்த, ஒருவரோ இருவரோ உட்காரும் விமானம். எவ்வளவு எடை வரை மைக்ரோலைட் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இருவர் அமரும் வண்டிக்கு ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 450 கிலோ என்பது பல நாடுகளில் நெடுங்காலம் இருந்த அளவு. பிரிட்டன் 2021ல் அதை 600 கிலோவாக உயர்த்திவிட்டது. இந்த அளவு எதற்கென்றால், எடை குறைந்தால் மெதுவாகப் பறக்க முடியும், மெதுவாகப் பறந்தால் சின்ன இடத்தில் இறங்க முடியும். வண்டிக்கு ஏதாவது ஆனாலும் ஒரு வயல் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். இந்த வண்டியின் பாதுகாப்பு பலத்தில் இல்லை, லேசாக இருப்பதில் இருக்கிறது. இது புரியவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

இவற்றில் இரண்டு ஜாதி. ஒன்று, மேலே ஒரு பெரிய முக்கோணத் துணிச் சிறகு, கீழே மூன்று சக்கரத் தொட்டி, பின்னால் எஞ்சின். ஓட்டுபவர் கையில் ஒரு குறுக்குக் கம்பி மட்டுமே இருக்கும். கம்பியை முன்னே தள்ளினால் மூக்கு தூக்கி வேகம் குறையும், தன் பக்கம் இழுத்தால் வேகம் கூடும். கம்பியை இடது பக்கம் தள்ளினால் வண்டி வலது பக்கம் திரும்பும்! ஏனென்றால், கம்பியைத் தள்ளும்போது நம் உடம்பின் எடைதான் எதிர்ப்பக்கம் நகர்கிறது, எடை நகர்ந்த பக்கம் சிறகு சாய்கிறது. இன்னொரு ஜாதி, பெரிய விமானங்களைப்போல வாலும் குச்சியும் காலில் மிதிகட்டையும் உடையது. என் மகன் கற்றது இரண்டாவது. எக்ஸ்-ஏர் என்று அதற்குப் பெயர். ழொயல் கெஷ்லான் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ராஜ் ஹம்சா என்ற நிறுவனம் அதை இங்கேயே செய்து பல நாடுகளுக்கு அனுப்பியது. நம் ஊரில் தைத்த சிறகு பிரான்சிலும் இங்கிலாந்திலும் பறந்திருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் அதுவரை தெரியாது.

துணிக்கு வருகிறேன். நாற்பது வருடமாக ஜவுளி வியாபாரம் பண்ணுகிறவன், சிறகைக் கண்டதும் விரலால் நெருடித்தான் பார்த்தேன். பாலியஸ்டர். ஆனால் சட்டைத் துணியைப்போல் குழையாது, காகிதம்போல் விறைப்பாக இருக்கும். படகுப் பாய்க்கு நெய்யும் வகை. நெசவு இறுக்கம், நெய்தபின் பிசின் ஏற்றிச் சூட்டில் அழுத்துவார்கள். அலுமினியக் குழாய்ச் சட்டத்தின்மேல் அதை உறைபோல இழுத்துப் போர்த்தியிருப்பார்கள்.

இந்தத் துணிக்கு எதிரி காற்று அல்ல, வெயில். மாடியில் வருடக் கணக்காகக் கட்டியிருக்கும் சாயத் துணி கடைசியில் கைபட்டாலே கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். வெயிலின் புற ஊதாக் கதிர் நூலைத் தின்றுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஒரு மெல்லிய ஊசியைத் துணியில் செருகி, சுருள்வில் தராசால் இழுப்பார்கள். ஒரு கிலோவுக்கு மேல் குறிப்பிட்ட அளவு இழுத்தும் ஊசித்துளை கிழியாமல் இருந்தால் துணி தேறியது. தையல் ஓடும் இடங்களிலும் இதே சோதனை. எங்கள் வியாபாரத்தில் இப்படி ஒரு தராசு இருந்திருந்தால் எத்தனை வழக்கு மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாயம் வெளுத்தாலும் ஊசிக்குத் தாங்கினால் சிறகு நல்ல சிறகு. பளபளவென்று இருந்தாலும் தாங்காவிட்டால் கழித்துவிட வேண்டியதுதான்.

துணிச் சிறகின் கதையும் ஜவுளிக்காரனுக்கு ருசிக்கும் கதை. அமெரிக்காவில் பிரான்சிஸ் ரொகாலோ என்ற விமானப் பொறியாளர் 1948ல் தம் மனைவி கெர்ட்ரூடோடு சேர்ந்து, சட்டமே இல்லாமல் காற்றின் அழுத்தத்திலேயே உருவம் பெறும் ஒரு சிறகைச் செய்தார். முதல் சிறகுக்கு அந்த அம்மாள் தந்தது தம் சமையலறைத் திரைச்சீலை! பூப்போட்ட சீட்டித் துணி. சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய நம் பூச்சீட்டியின் வழிவந்த ரகம்தான் அதுவும். அந்தச் சிறகிலிருந்து மலையிலிருந்து குதித்து மிதக்கும் கிளைடர்கள் வந்தன. இன்னொரு பக்கம், 1976ல் ஜான் மூடி என்பவர் ஆஷ்காஷ் நகரத்து விமான விழாவில், இரட்டைச் சிறகுக் கிளைடர் ஒன்றில் சிறிய எஞ்சின் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓடி எழும்பிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கு உலகம் முழுவதும் பரவிற்று. நம் நாட்டில் இதை ஊரறியச் செய்தவர் விஜய்பத் சிங்கானியா. 1988ல் லண்டனிலிருந்து டெல்லிக்குத் தனியாக மைக்ரோலைட்டில் 23 நாளில் வந்து சேர்ந்தார். அவருடைய ரேமண்ட் சூட்டிங் எங்கள் கடையில் அடுக்கியிருந்த காலம் அது. விற்பனையாளர் அந்தச் செய்தியைச் சொன்னபோது, 'பணக்காரர் விளையாட்டு' என்று சிரித்துவிட்டு விட்டேன்.

நூலைப்பற்றிப் பேசும்போது நம் சமணக் காப்பியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் நாமகள் இலம்பகத்தில் மயிற்பொறி வருகிறது. சச்சந்தன் தனக்குக் கேடு வரப்போவதை உணர்ந்து, கருவுற்ற அரசி விசயைக்காகத் தச்சனைக் கொண்டு அதைச் செய்விக்கிறான். துணி, நூல், அரக்கு, மெழுகு, பசை ஆகியவற்றால் ஏழே நாளில் செய்ததாகத் தேவர் பாடுகிறார். இரும்பு இல்லை, பொன் இல்லை! அதைவிட முக்கியமானது, அரசி அதை ஓட்டப் பழகியது. பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்து எழும், இடப்பக்கம் திருகினால் கால் குவித்து இறங்கும் என்று செய்முறையே இருக்கிறது. கட்டியங்காரனின் வெற்றி முரசம் கேட்டு அரசி வானத்தில் மயங்கிவிடுகிறாள். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.

இதை வைத்துக்கொண்டு நம் முன்னோர் விமானம் ஓட்டினார்கள் என்று மேடையில் மார்தட்டுவோரை நானும் கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடில்லை. அது கவியின் கற்பனை. ஆனால் கற்பனையிலும் ஒரு நேர்மை இருக்கிறது பாருங்கள். பறக்கும் பொருள் லேசாக இருக்க வேண்டும், ஏறுபவர் முன்கூட்டிப் பழகியிருக்க வேண்டும், ஓட்டுபவர் மயங்கினால் வண்டி தரைக்கு வந்தே தீரும். இந்த மூன்றையும் ஜக்கூர்க் கொட்டகையில் வேறு சொற்களில் கேட்டேன்.

எஞ்சின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோட்டாக்ஸ் என்ற ஆஸ்திரியக் கம்பெனியின் 582 எஞ்சின், 65 குதிரைத்திறன் அளவு. நம் பழைய லாம்பிரெட்டாவையும் மைசூர் யெஸ்டியையும்போல் டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 20 லிட்டருக்கு 400 மில்லி. இந்த எஞ்சின் எந்த நேரமும் நின்றுபோகலாம் என்று அதைச் செய்தவர்களே கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள். இதைக் கேட்டு என் மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஆனால் எஞ்சின் நின்றால் வண்டி கல்லாய் விழுவதில்லை. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினால் சறுக்கிக்கொண்டே இறங்கும். ஆயிரம் அடி உயரத்தில் நின்றால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தூரம் கிடைக்கும். அதற்குள் ஒரு வெற்றுநிலம் வேண்டும். அதனால் பறக்கும் ஒவ்வொரு நிமிஷமும் 'இப்போது நின்றால் எங்கே இறங்குவேன்' என்று கேட்டுக்கொண்டே இருக்கப் பழக்குகிறார்கள். ஜக்கூரைச் சுற்றி அந்த நாளில் இருந்த வயலெல்லாம் லேஅவுட்டாக மாறிவந்ததை நாங்கள் மனை விலையாகப் பார்த்தோம். அவர்கள் இறங்கும் இடம் ஒவ்வொன்றாகப் பறிபோவதாகப் பார்த்தார்கள்.

பெங்களூரில் இன்னொரு சங்கதி. நம் ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3000 அடி. காற்று லேசு. சென்னையிலிருந்து வந்த புதுப்பெண்கள் இங்கே பருப்பு வேகவில்லை என்று குறைசொல்வார்களே, அதற்கும் இதுதான் காரணம், தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே காற்று எஞ்சினுக்கும் சிறகுக்கும் போதாமல் போகிறது. எஞ்சின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஓடுபாதை கூடுதலாகத் தேவைப்படும். வெயில் ஏறிய பிறகு இன்னும் மோசம். ஆகவே பறப்பதெல்லாம் விடிந்தவுடனோ மாலை வெயில் தணிந்த பிறகோதான். ஒன்பது மணிக்கு மேல் தரை சூடேறி, காற்று குமிழி குமிழியாக எழும்பும். பருந்துகள் சிறகடிக்காமல் வட்டம் போட ஆரம்பித்தால் அதுதான் அடையாளம். "பருந்து மேலே போயிட்டா நாம கீழே வந்துடணும்" என்பது அங்கே ஒரு வழக்கு. சூரியன் மறைந்தபின் மைக்ரோலைட் பறக்கவே கூடாது. இரவில் உண்ணாத எங்களுக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று. பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று அவர்களும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், நாங்களும் பார்க்கிறோம்!

பருந்து என்றதும் நினைவு வருகிறது. எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் நாட்களில், இறைச்சிக் கழிவுக்குப் பருந்து கூடிவிடும் என்று சுற்றுவட்டாரத்தில் இறைச்சி விற்பனைக்கே மாநகராட்சி தடை போடுகிறது. அகிம்சைக்காக இல்லை, விமானத்துக்காகத்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் அந்தச் செய்தியைச் சந்தோஷமாகத்தான் படிப்போம்.

இனி அந்த இடத்து மனிதர்களைப் பற்றி. பயிற்றாளர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், எல்லாரும் 'சார்' என்றே அழைப்பார்கள். மாணவர்களில் ஒரு பல் டாக்டர், ஒரு வங்கி அதிகாரி, இரண்டு மூன்று கம்ப்யூட்டர் பையன்கள், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். மெக்கானிக் கிருஷ்ணகிரித் தமிழர். அவருக்குக் கையாள் ஒரு பதினெட்டு வயதுப் பையன். ஓடுபாதையிலிருந்து நாய் விரட்ட ஒரு வாட்ச்மேன். ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு இவர்கள் எல்லாரும் சேர்ந்து கொட்டகைக் கதவைத் தள்ளுவார்கள். வண்டியை வெளியே உருட்டுவதற்கு டாக்டரும் கை கொடுப்பார், வாட்ச்மேனும் கை கொடுப்பார். பிறகு அன்று பறக்கப் போகிறவர் வண்டியைச் சுற்றி வருவார். சன்னதி வலம் வருவதைப்போல நிதானமாக, ஒவ்வொரு போல்ட்டையும் பூட்டூசியையும் கம்பியையும் தொட்டுத் தொட்டு. பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். இந்தச் சுற்று நடக்கும்போது யாரும் அவரோடு பேசக்கூடாது. பேச்சுக் கொடுத்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் கடையில் ரூபாய் எண்ணும்போதும் இதே சட்டம்தான்.

அங்கே இன்னொரு சட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லலாம். ஒருநாள் வங்கி அதிகாரி எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையாள் பையன் கையை உயர்த்தி நிறுத்திவிட்டான். சக்கரத்தருகே ஒரு பூட்டூசி இல்லை. எப்படியோ அவர் பார்வையிலிருந்து தப்பியிருக்கிறது. கடையாக இருந்தால் முதலாளி முன்னால் பையன் குற்றம் சொல்லிவிட்டு நிற்க முடியுமா? அங்கே அவர் இறங்கி வந்து பையனுக்குக் கை கொடுத்தார். டீ வந்ததும் அவரே எல்லாரிடமும் 'நான் தவறவிட்டேன்' என்று சொல்லி, எப்படித் தவறவிட்டார் என்பதையும் விளக்கினார். இன்னொரு மாணவர் இறக்கும்போது வண்டியைத் தட்டென்று போட்டு முன்சக்கரத் தண்டு வளைந்தது. காயமில்லை. அவரும் அன்று காலையே கரும்பலகையில் படம் போட்டுத் தம் பிழையை விளக்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. சமணத்தில் செய்த பிழையை நினைத்துச் சொல்லிக் கழிக்கும் பிரதிக்கிரமணம் என்றொரு நித்திய கடமை உண்டு. தினமும் வாயால் சொல்கிறோம். அங்கே அது நிஜமாக நடந்தது.

நான் பணம் கேட்கப் போன அந்த முதல் ஞாயிறு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் வண்டியைச் சுற்றி வந்து முடித்துவிட்டான். ஏறப் போகும் நேரம் பயிற்றாளர் அவனைப் பார்த்து, "நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்டார். அவன் தயங்கி, "மூணு மணி நேரம் சார், அமெரிக்காக் காரங்களோட மீட்டிங்" என்றான். "சரி, இன்று வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் இறக்குவதைப் பார்" என்றார். அவ்வளவுதான். அன்றைய கட்டணம் அவருக்குப் போயிற்று. பையன் முகம் சுருங்கிற்று, ஆனால் எதிர்த்துப் பேசவில்லை.

ஒரே வீட்டில் இருக்கிறோம். மூன்று மாதமாக அவன் இப்படித்தான் தூங்குகிறான் என்பது எனக்குத் தெரியாது. கடை பூட்டி வந்தால் சாப்பாடு, கணக்கு, படுக்கை. அவனை நான் கேட்ட கேள்வியெல்லாம் சம்பளம், பெண் பார்ப்பது, இவ்வளவுதான். தூங்கினாயா என்று கேட்டதில்லை. வேற்று மனிதர் ஒருவர் கேட்டார். பையில் கொண்டுபோன ரசீதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, நானும் அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் போனேன்.

இப்படிப் போய்வந்துகொண்டிருந்தபோதுதான் "நீங்களும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்" என்ற பேச்சு வந்தது. எனக்கு ஒரு தடை இருந்தது, அது பயம் அல்ல (பயமும் இருந்தது). 2006ல் சிரவணபெளகொளாவில் மகாமஸ்தகாபிஷேகத்துக்குப் போனபோது ஒரு முனிவர் முன்னிலையில் திசை விரதம் எடுத்துக்கொண்டேன். இல்லறத்தாருக்குரிய பன்னிரண்டு விரதங்களில் குணவிரதம் மூன்று, அவற்றில் முதலாவது இது. எட்டுத் திசையும் மேலும் கீழும் ஆகப் பத்துத் திசையிலும் இதற்கு அப்பால் போவதில்லை என்று எல்லை வகுத்துக்கொள்வது. எல்லைக்கு வெளியே நம்மால் எந்த உயிருக்கும் ஒரு தீங்கும் இல்லை என்பதே இதன் பயன். வியாபாரிக்கு ஆசையை அடக்கும் கடிவாளமும் இதுதான். நான் மேல்திசைக்கு வகுத்த எல்லை சம்மேத சிகர்ஜி மலையின் உச்சி. தீர்த்தங்கரர் இருபதின்மர் முக்தி பெற்ற அந்த மலைக்கு மேல் எனக்கு என்ன வேலை என்று எண்ணிச் சொன்னது.

தத்துவார்த்த சூத்திரம் இந்த விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது மீறல்களைச் சொல்கிறது. மேலே மீறுவது, கீழே மீறுவது, பக்கவாட்டில் மீறுவது, எல்லையைப் பெருக்கிக்கொள்வது, எல்லை எது என்பதையே மறந்துவிடுவது. மலையேறுவது, கிணற்றில் இறங்குவது, குகையில் நுழைவது என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். விமானத்துக்கு உதாரணம் தேட வேண்டியது நான்தான்.

மகன் காகிதத்தில் கணக்குப் போட்டான். "அப்பா, சிகர்ஜி உச்சி கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 4480 அடி. ஜக்கூர் தரையே 3000. நாம ஆயிரம் அடி ஏறினா 4000. உங்க எல்லைக்கு உள்ளேதான் வருது." கணக்கு சரி. ஆனால் வியாபாரி மனசு உடனே விழித்துக்கொண்டது. நமக்குச் சாதகமான அளவுகோலைத் தேடி எடுப்பதும் எல்லையைப் பெருக்கிக்கொள்வதில் சேராதா? கஜக்கோல் ஒன்று, மீட்டர்கோல் ஒன்று வைத்துக்கொண்டு வாங்கும்போது ஒன்றால், விற்கும்போது ஒன்றால் அளக்கிறவனைப் போலத்தானே?

பயிற்றாளரிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவரோ மிகவும் கவனமாகக் கேட்டார். விமானிகளுக்கும் இதே சிக்கல் தினமும் உண்டாம். உயரமானி என்பது உண்மையில் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி. அழுத்தம் குறையக் குறைய உயரம் கூடியதாக முள் நகரும். அது எங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதை நாம்தான் ஒரு திருகால் வைக்கிறோம். தளத்துத் தரையைப் பூஜ்யமாக வைத்தால் தரையிலிருந்து உயரம் காட்டும். கடல்மட்டத்துக்கு வைத்தால் ஜக்கூரில் நிற்கும்போதே 3000 காட்டும். ஒருவர் ஒரு கணக்கிலும் மற்றவர் இன்னொரு கணக்கிலும் பறந்தால் வானத்தில் மோதிக்கொள்வார்கள். வடக்கே எலகங்கா விமானப்படைத் தளம், தெற்கே எச்.ஏ.எல். இடையில் இந்தச் சின்ன வண்டிக்கு விட்ட இடம் கொஞ்சம். அதைத் தாண்டக் கூடாது. "எந்த அளவு என்பது உங்கள் விருப்பம். ஆனால் தரையில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். மேலே போன பிறகு முடிவு செய்யக்கூடாது. நீங்கள் மறந்தாலும் நான் ஞாபகம் வைத்திருப்பேன்" என்றார்.

'மறந்தாலும்' என்ற சொல் என்னைத் தொட்டது. ஐந்து அதிசாரங்களில் மற்ற நான்கும் தெரிந்து செய்பவை. ஐந்தாவது மட்டும் தெரியாமலே நடப்பது, அதற்குத் துணை தேவை. தரையிலிருந்து 700 அடி என்று வைத்துக்கொண்டோம். எந்தக் கோலால் அளந்தாலும் அது சிகர்ஜி ஏற்றத்துக்கு உட்பட்டதுதான். வாயுவிலும் உயிர் உண்டு, விசிறி சுழன்றால் அதற்குத் துன்பம் என்பது எங்கள் கொள்கை. அதையும் நினைத்தேன். மின்விசிறியும் ஸ்கூட்டரும் வைத்திருப்பவன் அதைக் காரணம் காட்டுவது வேஷமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

முதல் தடவை போனபோது எடை பார்த்தார்கள், அரிசி மூட்டையைப்போல. வண்டி 220 கிலோ என்றால் 450ல் மீதி 230. பயிற்றாளர் 75, நான் 84. பெட்ரோல் 40 லிட்டர் 29 கிலோ. போதும், இடமிருக்கிறது. ஆனால் ஏறும் முன்பே காற்றுப்பை படபடவென்று ஓடுபாதைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. "இன்று இல்லை" என்றார். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து குளித்து சாமாயிகம் முடித்து வந்தவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மெக்கானிக் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே, "இங்க 'இன்னிக்கு இல்ல'ன்னு சொல்றவருகிட்டதான் பிள்ளையை விடணும் அண்ணாச்சி" என்றார்.

பெற்றோருக்கு நான் சொல்ல நினைப்பதும் அதைத்தான். போய்ப் பாருங்கள். வண்டியில் வி.டி. என்று தொடங்கும் இந்தியப் பதிவு எழுத்து இருக்கிறதா, பயிற்றாளருக்கு டி.ஜி.சி.ஏ. உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடம் வேண்டாம். எடை பார்க்காமல் ஏற்றும் இடமும் வேண்டாம். பணம் ஒரு தடையென்றால் என்.சி.சி. விமானப் பிரிவு இருக்கிறது. அங்கே மாணவர்களுக்கு மைக்ரோலைட்டில் பறக்கும் அனுபவம் தருகிறார்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. இதையெல்லாம் பார்த்த பிறகும் ஒரு காலை முழுக்க அங்கே சும்மா உட்கார்ந்திருங்கள். எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எண்ணுங்கள்.

மூன்றாம் வாரம் காற்று அசையவில்லை. ஆறு இருபதுக்கு ஏறினேன். இடுப்பு வாரை மெக்கானிக் இழுத்துக் கட்டினார், கையாள் பையன் இன்னொருமுறை இழுத்துப் பார்த்தான். எஞ்சின் சத்தம் தறிக்கூடத்தில் நின்றதுபோல இருந்தது. ஓடுபாதையில் குதித்துக் குதித்து ஓடியது திடீரென்று குதிக்காமல் ஆயிற்று, அவ்வளவுதான், எழும்பிவிட்டோம். ஜக்கூர் ஏரி ஒரு தாம்பாளம்போலத் தெரிந்தது. ஏரிக்கரையில் வெள்ளையாகக் கொக்குக் கூட்டம். நான் கீழே அதிகம் பார்க்கவில்லை, மேலே சிறகைத்தான் பார்த்தேன். உதயசூரியன் அந்தப் பக்கத்திலிருந்து அடித்ததில் துணி முழுக்க ஊடுருவி, பாவும் ஊடையும் தனித்தனியாகத் தெரிந்தன. தையல் கோடு நேராக ஓடியது. யாரோ ஒரு தையல்காரர் கோணாமல் தைத்த கோட்டில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தோம்.

முள் 600ஐத் தாண்டியபோது பயிற்றாளர் என் பக்கம் திரும்பி ஒரு விரலால் அதைக் காட்டினார். நான் மறந்தே போயிருந்தேன். 700க்குச் சற்றுக் கீழே மட்டமாக்கி, தளத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்து இறங்கினோம். மொத்தம் பதினெட்டு நிமிஷம். கொட்டகை வாசலில் என் மகன் பதிவேட்டை வைத்துக்கொண்டு நின்றான். எழும்பிய நேரம், இறங்கிய நேரம், ஆள் இரண்டு என்று எழுதிவிட்டு, குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதலாம் என்று என்னைக் கேட்டான். உயரம் 700க்கு மிகவில்லை என்று எழுதச் சொன்னேன்.